சாவி இருக்கும் இடம்

எங்கள் பக்கத்தில் ‘குற்றாலத்துக்குப் போய்விட்டு வருகிறேன்’ என்று சொன்னால் எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். சீசன் என்றால் அருவி, சீசன் இல்லையென்றால் கோவில். இதை யோசித்துத்தானோ என்னவோ, தென்காசி டவுனில் எத்தனையோ கட்டடம் வாடகைக்குக் கிடந்தும் அந்த மனநல டாக்டர் குற்றாலத்தில், ஒரு லாட்ஜுக்குப் பின்னால் கிளினிக் வைத்திருந்தார். வாசல் போர்டில் பெயரும் படிப்பும் இருக்கும். என்ன வியாதிக்கு டாக்டர் என்பது இருக்காது. வருகிறவர்களில் பாதிப் பேர் தோளில் துண்டும் பையில் மாற்றுத்துணியுமாக வருவார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு நிஜமாகவே அருவியில் போய்த் தலையைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புவார்கள். ஈரத்தலையோடு வீட்டுக்குள் நுழைகிற ஆளிடம் யார் என்ன கேட்கப்போகிறார்கள்?

என் தங்கையும் அப்படித்தான் போய்வந்தாள். அவளைக் கட்டிக்கொடுத்திருப்பது வாசுதேவநல்லூரில். எலுமிச்சைத் தோப்பு, கொஞ்சம் வயல், ஒரே அடுப்பில் சமைக்கும் பெரிய குடும்பம். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. பிள்ளை தூங்கினாலும் இவள் தூங்கமாட்டாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுவாள். ஏன் கண் கலங்கியிருக்கிறது என்று கேட்டால் வெங்காயம் என்பாள். பாத்திரம் தேய்க்கிற இடத்தில் வெங்காயம் எங்கிருந்து வந்தது என்று அவள் கணவர்தான் முதலில் யோசித்தார். எனக்குப் போன் செய்தார்.

“மதினி, நீங்கதான் கொஞ்சம் ஒரு நல்ல டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகணும். வீட்டுல யாருக்கும் தெரிய வேண்டாம். தம்பிக்குப் பொண்ணு பாக்காங்க.”

அவர் சொல்லாமல் விட்டதையும் நான் புரிந்துகொண்டேன். மூத்த மருமகளுக்கு மனசு சரியில்லை என்று ஒரு பேச்சு கிளம்பினால் கூடிவருகிற சம்பந்தம் நின்றுபோகும். நின்றால் பழி என் தங்கை தலையில் விழும். அதையெல்லாம்விட அவளுக்கு வேறொரு பயம் இருந்தது. தெரிந்துவிட்டால் கைக்குழந்தையை அவளிடம் தனியாக விடமாட்டார்கள் என்று நினைத்தாள்.

அவள் மாமியார் கெட்டவர் இல்லை. தலைவலி என்று இவள் சொன்னதை நம்பி, ‘அருவித் தண்ணி மூலிகைத் தண்ணி, பதினைஞ்சு நாளைக்கு ஒருக்க போய்க் குளிச்சிட்டு வா, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்’ என்று தன் கையால் எண்ணெய் தேய்த்து அனுப்பினார். திரும்பி வந்ததும் சடைக்குள் விரலை விட்டுப் பார்ப்பாராம். ஈரம் இருந்தால் திருப்தி. அதனால் தண்ணீர் நூலாக வழிந்த புரட்டாசியில்கூட, அங்கே இருந்த ஒரு குழாயடியிலாவது தலையை நனைக்காமல் என் தங்கை பஸ் ஏறியதில்லை.

நான் இருப்பது தென்காசியில், அம்மாவோடு. வேலை பார்ப்பது வீட்டு மாடியில். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வெப் அப்ளிகேஷன் எழுதுகிறேன். காலையில் தங்கை பஸ்ஸில் வந்து இறங்குவாள். ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு குற்றாலம் போவேன். அவள் உள்ளே இருக்கும்போது நான் வெளியே பெஞ்சில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். அதைப் பார்த்துத்தான் ஒருநாள் டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

“ஏம்மா, நீங்க கம்ப்யூட்டர்ல சைட்டு எல்லாம் பண்ணுவீயளாமே. தங்கச்சி சொன்னா. எனக்கு ஒண்ணு பண்ணித் தாங்க. இத ஒரு தடவ பாருங்க.”

ஒரு இரும்பு பீரோவைத் திறந்து காட்டினார். நோயாளிகளின் அட்டைகள். சாரல் மாதங்களில் குற்றாலத்தில் எதுவும் காயாது. அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரமெல்லாம் பூசணம் பூத்திருந்தது. தென்காசி வீட்டில் டாக்டர் இருக்கும்போது யாராவது பதறிப்போய்ப் போன் செய்தால், அவருக்கு என்ன மருந்து கொடுத்தோம் என்று பார்க்க அட்டை கையில் இருக்காது. கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் எங்கிருந்தும் பார்க்கலாம். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்.

“நான் எழுதுதத எவனும் படிக்கக் கூடாது. இங்கன வாரவங்க என்ன நம்பித்தான் வாராங்க.”

அவர் கையெழுத்தில் இருக்கிறவரை யாரும் படிக்க முடியாதுதான் என்று நினைத்துக்கொண்டேன். வாயால் சொல்லவில்லை. சரி என்றேன்.

சேமித்து வைக்கிற தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி உருமாற்றி வைப்பதைத் தமிழில் குறியாக்கம் என்கிறார்கள். எங்கள் தொழிலில் என்கிரிப்ஷன் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் எந்தக் கணக்குமுறை, எவ்வளவு சிக்கல் என்று கேட்பார்கள். அதில் பெரிதாக யோசிக்க ஒன்றும் இல்லை. நம்பத் தகுந்த முறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை, இலவசமாகவே கிடைக்கின்றன, எதை எடுத்தாலும் உடைக்க ஆள் இல்லை. யோசிக்க வேண்டியது ஒன்றைத்தான். சாவி எங்கே இருக்கப்போகிறது?

மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, தகவல் எல்லாம் சேர்ந்து கிடக்கும் சர்வர் கம்ப்யூட்டரின் டிஸ்க்கை மொத்தமாகப் பூட்டுவது. இது தெருக்கதவைப் பூட்டுவது போல. யாராவது டிஸ்க்கையே தூக்கிக்கொண்டு போனால் அவனுக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே நுழைய அனுமதி உள்ளவர் யாரும் எல்லாவற்றையும் படிக்கலாம். பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிட்டு ‘எங்களிடம் என்கிரிப்ஷன் இருக்கிறது’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

இரண்டாவது, பெயர், போன் நம்பர், டாக்டரின் குறிப்பு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பூட்டி டேட்டாபேஸில் வைப்பது. சாவி சர்வரிலேயே ஒரு மூலையில் இருக்கும். எங்கள் வீடுகளில் பீரோவைப் பூட்டிச் சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைப்போமே, அது மாதிரி. வெளியாளுக்குத் தெரியாது, வீட்டு ஆட்களுக்கெல்லாம் தெரியும். மூன்றாவது, சாவியைச் சர்வரில் வைக்காமலே விடுவது. டாக்டர் தன் மனதில் இருக்கும் ஒரு நீண்ட கடவுச்சொற்றொடரை அடித்தால் அதிலிருந்து சாவி அவர் கம்ப்யூட்டரிலேயே உண்டாகும். தகவல் அங்கேயே பூட்டப்பட்டுத்தான் சர்வருக்கு வரும். சர்வர் வெறும் கிடங்கு. ஆனால் டாக்டர் அந்தச் சொற்றொடரை மறந்தால் எல்லாம் போயிற்று. நானும் திறக்க முடியாது, யாரும் திறக்க முடியாது.

தன் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் தூக்கி வைத்துக்கொண்டு மேஜையெல்லாம் தேடுகிறவரை நம்பி மூன்றாவது வழிக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். அதில் ஒரு வசதி, ஏதாவது கோளாறு என்றால் நான் இருக்கிறேன். மாதிரிக்கு ஒன்று எழுதி முடித்ததும் முதலில் தங்கைக்குத்தான் காட்டினேன். அன்றைக்குக் குற்றாலம் போகுமுன் எங்கள் வீட்டில் சாப்பிட வந்திருந்தாள். திரையில் ஒரு பொய்ப் பெயரை அடித்து, அது டேட்டாபேஸில் கந்தர்கோளமான எழுத்துகளாகக் கிடப்பதைக் காட்டினேன்.

“ஒருத்தரும் படிக்க முடியாது. டாக்டர் மட்டும்தான்,” என்றேன்.

அவள் அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சாவி எங்கன இருக்கு?”

“சர்வர்ல.”

“சர்வர பாக்குதது யாரு?”

“நான்தான்.”

“அப்ப நீ பாக்கலாம்லா?”

“பாக்கலாம். ஆனா பாக்க மாட்டேன்.”

“அம்மாவும் இதத்தான்க்கா சொல்லுவா.”

எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நேராக ஒன்றும் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்துகொள்வதுதான் வழக்கம். அதில் அம்மா கெட்டிக்காரி. காலேஜில் படித்த நாட்களில் வீட்டுக்கு வந்த எங்கள் தபால்கள் எங்கள் கைக்கு வரும்போதே பிரிந்திருக்கும். தங்கையின் கைப்பையில் மாத்திரை அட்டை இருந்ததை அம்மா முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து தங்கையின் சோற்றில் நெய் மட்டும் கூடியது. தங்கை அந்த நெய்யைப் பார்த்த அன்றிலிருந்து, எங்கள் வீட்டில் தங்கினால் கைப்பையைத் தலையணைக்கடியில் வைக்க ஆரம்பித்தாள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. என்னைப் போய் அம்மாவோடு சேர்த்துப் பேசுகிறாளே என்று. ‘ஒன்ன யாருட்டி மழையில நனைஞ்சு கூட்டிட்டுப் போறது? வேலைய விட்டுட்டு வந்து பெஞ்சில உக்காந்திருக்கது யாரு?’ என்று என்னென்னவோ கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. தட்டைக் கழுவி வைத்தாள்.

“என் அட்ட அந்த பீரோலயே கிடக்கட்டும். பூசணம் பூத்தாலும் பரவால்ல. கம்ப்யூட்டர்ல ஏத்துனா நான் இனும வரல.”

சொன்னபடியே அடுத்த முறை வரவில்லை. அவள் கணவர் போன் செய்தார். ‘மாத்திரை தீந்து போச்சு மதினி, கூப்பிட்டா வரமாட்டேங்கா, பழையபடி தூங்க மாட்டேங்கா’ என்றார். குரலில் இருந்த பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவள் மருந்தை விடப்போகிறாள், அதற்கு நான் எழுதிய நிரல் ஒரு காரணம். இதுவே மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அன்றைக்கே டாக்டரிடம் போனேன்.

“சாவி உங்ககிட்ட மட்டும் இருக்கது மாதிரி மாத்திடுதேன் டாக்டர். நான் நினைச்சாலும் படிக்க முடியாது.”

“நல்லதுதானே.”

“நீங்க மறந்துட்டா எல்லாம் போயிரும்.”

“எங்க வீட்டு பீரோ சாவி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதும்மா.” பிறகு கொஞ்சம் யோசித்தார். “ஆனா என்கிட்ட சொன்னத எதையும் மறந்ததில்ல. இருவது வருஷத்துக்கு முன்னால வந்தவன் என்ன சொன்னான்னு இப்பவும் சொல்லுவேன். சொல்லக்கூடாது, சொல்ல மாட்டேன். பண்ணுங்க.”

அப்போதே கடவுச்சொற்றொடரை முடிவுசெய்து, ‘எங்க அப்பா வச்சிருந்த...’ என்று உரக்க ஆரம்பித்தார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அதற்கப்புறம் புரிந்து, வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மறந்தால் திறக்க ஒரு மீட்புக் குறியீட்டை அச்சிட்டு, அவரே உறையில் போட்டு ஒட்டி, பேங்க் லாக்கரில் வைத்தார். அச்சிடும்போது நான் வெளியே போய் நின்றேன்.

தங்கையிடம் போனில் சொன்னேன். ‘இனி நான் பார்க்க முடியாது’ என்று. ‘சத்தியமா?’ என்றாள். சத்தியம் என்றேன். நேர்மையாகச் சொன்னால், திருட நினைத்தால் நிரலை எழுதுகிறவளுக்கு வேறு வழி உண்டு. ஆனால் அதற்கு உட்கார்ந்து திட்டம் போட்டுத் திருட வேண்டும். போகிறபோக்கில் எட்டிப் பார்க்கிற வசதி போய்விட்டது. எட்டிப் பார்க்கிற குணம்தான் எங்கள் வீட்டில் உண்டு, திருட்டு கிடையாது. அடுத்த வாரம் அவள் வந்தாள். அவள் அட்டையும் ஏறியது.

இங்கே கிளினிக்கின் முன்மேஜையில் இருந்த அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. டாக்டருக்கு மாமா முறை. நாற்பது வருடம் தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கல்யாண ஜவுளி எடுக்க வந்த குடும்பங்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அச்சன்புதூரிலிருந்து ராயகிரி வரை எந்த வீட்டுப் பெண் எந்த வீட்டில் வாழ்கிறாள் என்று தெரியும். என் தங்கையைப் பார்த்த முதல் நாளே யார் வீட்டு மருமகள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் முகத்தில் ஒரு அசைவு இல்லை. ‘பேரு என்னம்மா, வயசு என்னம்மா’ என்று புது ஆளைப் போலக் கேட்டார். யாரிடமும் மூச்சு விடமாட்டார். அந்த விஷயத்தில் அவரை நான் முழுதாக நம்பினேன்.

அவருக்கும் தனியாக ஒரு சாவி. அதில் பெயரும் வருகிற நேரமும் மட்டும் திறக்கும், டாக்டரின் குறிப்புகள் திறக்காது. இவை எல்லாமே பூட்டித்தான் இருந்தன. ஒன்றே ஒன்றை மட்டும் பூட்டாமல் விட்டிருந்தேன். பஸ் நேரம் எழுத ஒரு கட்டம். தூரத்து ஊர்க்காரர்களுக்குக் கடைசி பஸ் போய்விட்டால் கஷ்டம் என்பதால், யாரை முதலில் உள்ளே அனுப்புவது என்று பார்க்க அண்ணாச்சி கேட்டு வாங்கிய கட்டம். பஸ் நேரத்தில் என்ன ரகசியம் இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டேன்.

ஒருநாள் காலையில், தினமும் எடுத்து வைக்கிற நகலான பேக்கப் சரியாக இருக்கிறதா என்று டேட்டாபேஸைத் திறந்தேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கந்தர்கோளம். போன் நம்பர், கந்தர்கோளம். எல்லாம் நான் நினைத்தபடி. கடைசிக் கட்டத்தில், முத்து முத்தான தமிழில், ‘வாசுதேவநல்லூர் எலுமிச்சைத் தோப்பு வீட்டு மூத்த மருமகள். தென்காசிக்காரப் பெண். கொழுந்தனுக்குப் பெண் பார்க்கிறார்கள்’ என்று இருந்தது. மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். மில்லுக்காரர் வீட்டு இரண்டாவது மகன், வாத்தியார் சம்சாரம், இன்னாருடைய சகலை. ஊரே இருந்தது. உலகத்திலேயே உடைக்க முடியாத பூட்டைப் போட்டுவிட்டு, கதவுக்கு வெளியே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எழுதித் தொங்கவிட்டிருந்தோம்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகக் குற்றாலம் போனேன்.

“அண்ணாச்சி, என்ன காரியம் பண்ணியிருக்கீய? பஸ் நேரம் எழுதுத எடத்துல ஏன் இதெல்லாம் எழுதுனீய?”

“அடையாளத்துக்கும்மா. ஒரே பேர்ல ஏழெட்டுப் பேரு வாராங்க. அடையாளம் இல்லாம யாரு எவருன்னு எப்பிடித் தெரியும்? எங்க கடையில வாடிக்கக்காரங்கள அப்பிடித்தான் எழுதுவோம்.”

“யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதானே இத்தன பாடு!”

அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. “நான் யார்ட்டயும் வாயத் தெறக்கலயேம்மா. எழுதத்தான செஞ்சேன்,” என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. வாயைத் திறப்பது மட்டும்தான் அவருக்குச் சொல்வது. எழுதி வைப்பது தனக்குத்தானே ஞாபகம் வைப்பது. அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு மத்தியானமே அந்தக் கட்டத்தையும் பூட்டினேன், பழைய பேக்கப்களை அழித்தேன். ஒரே பெயரில் பலர் இருந்தால் போன் நம்பரின் கடைசி எண்களை வைத்துப் பிரித்துப் பார்க்க வழி செய்து கொடுத்தேன். ‘நம்பர வச்சு மனுசன எப்பிடி அடையாளம் பாக்க’ என்று அண்ணாச்சி ரொம்ப நாள் முனகிக்கொண்டிருந்தார்.

தங்கையிடம் இதை மறைக்கவில்லை. வெளியே போகவில்லை, ஆனால் இப்படி ஒரு கூத்து நடந்தது என்று சொன்னேன். மறுபடியும் வராமல் இருந்துவிடுவாளோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். அவள் முழுதும் கேட்டுவிட்டு, ‘தென்காசிக்காரப் பெண்ணுன்னும் போட்டிருந்தாரா?’ என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

ஐப்பசி மழையில் அருவிகள் மறுபடி விழ ஆரம்பித்தன. அந்த மாதம் ஒருநாள் அவள் டாக்டர் அறைக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. அண்ணாச்சி இரண்டு பஸ் நேரத்தைச் சொல்லிச் சொல்லி மற்றவர்களைச் சமாதானம் செய்துகொண்டிருந்தார். வெளியே வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை. ‘டீ குடிக்கியா’ என்றேன். வேண்டாம் என்றாள். அருவியில் ரொம்ப நேரம் நின்றாள். பஸ் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் பேக்கப்பைத் திறந்தேன். பெயர் தெரியாவிட்டாலும் பதிவான நேரம் தெரியும். அந்த நேரத்துக்கு எழுதப்பட்டது ஒரே ஒரு பதிவுதான். அது அவளுடையது. மற்ற நாட்களில் டாக்டர் அவளுக்கு எழுதியது திரையில் நாலு விரல் அகலம் இருக்கும். இது கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது. என்னவென்று ஒரு எழுத்து தெரியவில்லை. சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருந்திருந்தால் அன்றைக்கு எடுத்திருப்பேன், அவள் நல்லதுக்குத்தானே என்று சொல்லிக்கொண்டே படித்திருப்பேன். சாவி என்னிடம் இல்லை. நான் எழுதியதுதான், நான் பூட்டியதுதான், அதைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன் செய்தேன். பக்கத்தில் மாமியார் இருந்திருக்க வேண்டும். எலுமிச்சை விலை இறங்கிவிட்டது என்று பேசினாள். அடுத்த முறை அவள் வருகிறவரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த முறை டாக்டர் சீக்கிரமே அனுப்பிவிட்டார். அருவிக்குப் போகிற வழியில் ஒரு சிப்ஸ் கடைக்கு வெளியே பெஞ்சு உண்டு. ‘கொஞ்சம் உக்காரு’ என்றேன். உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது பழக்கமில்லை.

“ஏட்டி, போன தடவ உள்ள ரொம்ப நேரம் இருந்தியே. என்ன ஆச்சு?”

என்னைத் திரும்பிப் பார்த்தாள். “கம்ப்யூட்டர்ல பாக்கலையா?”

“பாத்தேன். நீளமா இருந்துச்சு. ஒண்ணும் புரியல.”

“நெசமாவா?”

“நெசமாத்தான். புரிஞ்சிருந்தா படிச்சிருப்பேன்.”

அவள் துண்டின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

“இத்தன மாசமா கூடவே வாரியேக்கா. எப்பிடி இருக்கன்னு ஒரு தடவ கேட்டிருக்கியா?”

எனக்குத் தைத்தது. சாப்பிட்டியா, மாத்திரை இருக்கா, பஸ்ஸில் இடம் கிடைச்சுதா, எல்லாம் கேட்டிருக்கிறேன். இதைக் கேட்டதில்லை. கேட்டால் வருத்தப்படுவாளோ என்று நானே ஒரு காரணம் வைத்திருந்தேன்.

“இப்ப கேக்கேன்லா. எப்பிடி இருக்க?”

சொன்னாள். பிள்ளையைப் பற்றிச் சொன்னாள், தோப்பில் இருக்கிற கிணற்றைப் பற்றிச் சொன்னாள். மீதியை இங்கே எழுதப்போவதில்லை. அது அவளுடையது. டாக்டருக்குத் தெரியும், இப்போது எனக்குத் தெரியும், அது போதும். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சிப்ஸ் கடைக்காரர் அரைக் கிலோ போடவா என்று இரண்டு முறை கேட்டார். அப்புறம் அவரே பேசாமல் உள்ளே போய்விட்டார். அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இப்போது அப்படியெல்லாம் தோன்றவில்லை என்றாள். தூக்கம் வருகிறது என்றாள். நான் அழுதேன், அவள் அழவில்லை. ‘நீ எதுக்குக்கா அழுத’ என்று துண்டை என்னிடம் கொடுத்தாள்.

பஸ் நேரம் ஆகிவிட்டது. ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது வாசுதேவநல்லூர் பஸ் இஞ்சினைப் போட்டு உறுமிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கீழே நின்று பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

“ஏட்டி! தல நனைக்கலையே! அருவிக்கே போகலையே!”

கையைத் தூக்கிச் சடையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

“எறங்கு, அடுத்த பஸ்ல போலாம். வீட்டுல போய்க் குழாயில நனைச்சிட்டு வந்துரலாம். அத்த சடையத் தொட்டுப் பாத்தா என்ன சொல்லுவ?”

அவள் எழுந்திருக்கவில்லை.

“கேட்டா சொல்லுதேன்க்கா,” என்றாள்.

“என்னன்னு?”

“மொதல்ல கேக்கட்டும்.”

பஸ் கிளம்பியது. ஜன்னல் காற்றில் அவள் முடி பறந்துகொண்டு போனது.